பட்டன் டயர்க்காரி

அவளுக்குக் கை மொதல்ல வரும். வாயி அதுக்குப் பின்னால, சாவகாசமா, செருப்பு மாட்டிக்கிட்டு வரும். அப்படி ஒருத்தி.

பேரு சொல்லமாட்டேன் சாமி. சொன்னா இப்ப எந்த ஊருல இருந்தாலும் டயரு நெம்பற லெவரத் தூக்கிட்டு வந்துருவா. நாமக்கல்லுல இருந்து சேந்தமங்கலம் போற ரோட்டுல ஒரு புளியமரம். மரத்துக்கு இந்தப் பக்கம் என்ற முட்டைக் கடை, அந்தப் பக்கம் அவ டயர் கடை. கோழிப்பண்ணையில கீறல் உழுந்த முட்டைய ஒதுக்கிப் போடுவாங்க பாருங்க, அத வாங்கியாந்து ஆம்லெட்டு, ஆப்பாயிலு, கலக்கின்னு போட்டுக் குடுத்துட்டிருந்தேன். நல்ல முட்டைக்கு என்ன ருசியோ அதே ருசிதான். கீறலு ஓட்டுலதானுங்களே, உள்ள இருக்கற கருவுக்கு என்ன தெரியும்? செரி, அது கெடக்கட்டும்.

ஆளப் பாத்தீங்கன்னா அய்யோ பாவம்பீங்க. ஒல்லிக்குச்சி. சீலைக்கு மேல ஒரு காக்கிச் சட்டை. லாரி டியூப்ப வளையமா அறுத்து அதுல கொண்டையக் கட்டியிருப்பா. ஆனா ரெண்டு லெவரும் ஒரு சம்மட்டியும் வெச்சுக்கிட்டு லாரி டயர ரிம்முல இருந்து பிரிச்சான்னா, அடிக்கற ஒவ்வொரு அடிக்கும் என்ற கடையில தட்டு குதிக்கும்.

"ஏம்புள்ள, இது யாரு மண்டை?"ன்னு கேப்பேன்.

"நீங்க சொல்லுங்கம்மா, யாருதா வெச்சுக்கட்டும்?"ம்பா.

நான் எங்க சின்ன நாத்தனா பேரச் சொல்லுவேன். இன்னும் ரெண்டு அடி எச்சா உழுகும். மனசு அப்படியே லேசாப் போவும் சாமி.

லாரி டயருதான் அவளுக்குச் சோறு போட்டுச்சு. ஆனா பேரு வாங்கிக் குடுத்தது ஜீப்பு. கொல்லிமலை ஜீப்பு பூராம் அங்கதான் வந்து நிக்கும். மேல மழ பேஞ்சா மண்ணு வழுக்கும், பாதையில கல்லு துருத்திட்டு நிக்கும். வண்டியோட வந்த டயரு பத்தாதுன்னு, ஒசரமா, அகலமா, கட்ட கட்டயாப் பல்லு வெச்ச டயரா மாத்திக்குவாங்க. பட்டன் டயருன்னு பேரு. நட்டக் கழட்டி நட்ட மாட்டறதுதான், அதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. அதுக்கப்பறந்தான் அவ ஆட்டமே.

கடைக்கு முன்னால ஒரு பனங்கட்டை கெடக்கும். சும்மா நிக்கற வண்டியில டயரு எங்கயும் ஒரசாது. பத்துப் பேரு ஏறி உக்காந்து, ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சு, ஒரு பக்கத்துச் சக்கரம் கல்லு மேல ஏறுச்சுன்னா, அப்பத்தான் அடியில இருக்கற வில்லுப் பட்டை அமுங்கி, டயரு மேல போயி மட்கார்டுல முட்டும். மலையில எழுவது கொண்டை ஊசி வளைவுங்க. ஒவ்வொண்ணுலயும் முழுசா ஒடிச்சாத்தான் வண்டி திரும்பும். அதனால இவ என்ன பண்ணுவான்னா, புது டயரு மாட்டுன வண்டியில நெறைய ஆள ஏத்தி, அந்தப் பனங்கட்ட மேல ஏத்தி ஒடிச்சுப் பாத்துட்டுத்தான் சாவியக் குடுப்பா. ஒரசுனா மட்கார்ட வெட்டோணும். "எடை ஏத்தாம வண்டி போவாதுங்க." அவ பேசுனதுல பாதி இதுதான்.

எடைக்கு ஆளு எங்கிருந்து வரும்? ரோட்டுல இருந்து! பஸ்ஸுக்கு நிக்கறவன், என்றகிட்ட ஆப்பாயிலு திங்கறவன், பத்திரிக்க வெக்க வந்த சம்பந்தி ஊட்டுக்காரங்க, யாரா இருந்தாலும் சட்டையப் புடிச்சு இழுத்தாந்து ஏத்துவா. ஏறமாட்டேன்னா பொடனியில ஒண்ணு. ஒருக்கா ஒரு காலேஜு வாத்தியாரு, பைலுங் கையுமா நின்னுட்டிருந்தாரு. "நான் எதுக்கும்மா ஏறோணும்?"னு கேட்டாரு. கேக்கறது ஞாயந்தானுங்களே? கண்ணாடி ஒரு பக்கம் போச்சு, பைலு ஒரு பக்கம் போச்சு, அவரு ஜீப்புக்குள்ள போனாரு. ரோட்ட மறிச்சு ஏன் வண்டிய நிறுத்துனீங்கன்னு கேக்க வந்த போலீசுக்காரரையே பெல்ட்டப் புடிச்சு ஏத்திப்புட்டா. மனுசன் எறங்கும்போது தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு, "ஒரசலைங்க"ன்னு சொல்லிட்டுப் போறாரு! எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வகுறு புடிச்சுக்கிச்சு.

முன் சீட்டு எனக்குத்தான். "அம்மா, நீங்க ஒராளே மூணு ஆளுங்க, வாங்க"ம்பா. அடுப்புல ஆம்லெட்டு கருகுனாலும் போயாவோணும்.

ஒரு நாளு குடிகாரன் ஒருத்தன் ஆப்பாயிலுல உப்பு எச்சுன்னு சொல்லி முட்டைத் தட்ட எட்டி ஒதைச்சான். முப்பது முட்டையும் மண்ணுல. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தா பாருங்க. ஒரு டிராக்டர் டயரு, பின் சக்கரத்தோடது, நிக்க வெச்சிருந்தா. அவன மடக்கி அதுக்குள்ள சொருகுனா. பாயச் சுருட்டி வெக்கற மாதிரி. ஒரு தள்ளு. டயரு உருண்டு உருண்டு வாய்க்காலுக்குப் போவுது, அவன் தல மேல, காலு மேல, தல மேல, காலு மேல. தண்ணி இல்லாத வாய்க்கா. முட்டி பேந்து, மூஞ்சி தேஞ்சு ஏறி வந்தவன், எங்கிட்ட வந்து கையெடுத்துக் கும்புட்டு, "உப்பு செரியாத்தான் இருந்துச்சுங்க"ன்னான்.

எல்லா அடியும் ஞாயமான அடின்னு நான் சொல்லமாட்டேன். ஒருத்தன் சும்மா சீட்டி அடிச்சான். பாவம், என்னமோ பாட்டு. இவ நட்டு முடுக்கிட்டு இருந்தா. ஸ்பேனர வெச்சே வாயில போட்டா. முன்பல்லு ரெண்டு ரத்தத்தோட என்ற ஆம்லெட்டுக் கல்லுக்குப் பக்கத்துல வந்து உழுந்துச்சு. "ஏம்புள்ள இப்படி?"ன்னா, "நட்டு எத்தன சுத்து போச்சுன்னு எண்ணிட்டிருந்தேனுங்க, கெடுத்துப்புட்டான்"னா. அவ்வளவுதான். ஒரு வெசனமும் இல்ல மொகத்துல. அன்னிக்கு அவள ஏறிட்டுப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு.

ஆனா இதையும் சொல்லோணும். லாரி ரிம்முல வட்டமா ஒரு இரும்பு வளையம் இருக்கும், டயரு கழண்டுக்காமப் புடிச்சுக்கறதுக்கு. காத்து அடிக்கும்போது அது சரியா உக்காரலைன்னா பறக்கும். ஒரு பெரியவரு வெத்தலயப் போட்டுக்கிட்டு அந்தச் சக்கரத்துக்கு எதுர்லயே நின்னு வேடிக்க பாத்துட்டிருந்தாரு. ரெண்டு தடவ சொன்னா. அவரு நகரல. மூணாவது தடவ சொல்லல, நெஞ்சுல ஒரு ஒதை. அவரு கையி ஒடிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அடப் பாவின்னு நான் எந்திரிக்கறேன், டமார்னுச்சு. புளியமரத்துல என்ற தொடை தண்டி இருக்கற கெளை முறிஞ்சு தொங்குது, வளையம் அதுல குத்தி நிக்குது. பெரியவரு மகனுங்க மறுநாளு கடப்பாரையோட வந்தாங்க. கெளையக் காட்டுனேன். பாத்துட்டு, கடப்பாரையத் தோள்ல சாத்திக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

இவ்வளவும் கண்ணால பாத்தவதானுங்களே நானு? பாத்தும் என்ன பண்ணுனேன்னு கேளுங்க.

என்ற மகளக் கட்டிக் குடுத்தது கொல்லிமலையில. மாப்ள ஜீப்பு ஓட்டறாரு. நல்ல மனுசன், கோவந்தான் கொஞ்சம். பேத்திக்குப் பதினோராம் மாசம், அவங்க மலைக் கோயில்ல காது குத்தறதுன்னு நாளு வெச்சாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள குத்தோணும். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணுங்கறதால என்ற மகனும், காது குத்தற ஆசாரியும் முந்தியே மேல போயிட்டாங்க. முந்தின நாளே எங்க ஊட்டுக்கு வந்திருந்த மிச்ச ஒறம்பர சனம் பூராம் மாப்ள ஜீப்புல. வெட்டறதுக்கு ஒரு கெடாயும் இருக்குது. மாப்ள அன்னிக்குன்னு பாத்து, போற வழியில பட்டன் டயரு மாட்டிக்கலாம்னு காத்தால இவ கடையில கொண்டாந்து உட்டாரு. வண்டிக்கு அந்த வாரந்தான் புதுசாப் பெயிண்டு அடிச்சிருந்தாரு. செக்கச் செவேல்னு, கல்யாணப் பொண்ணாட்டம் இருந்துச்சு.

இவ மாட்டுனா. சுத்தி வந்து பாத்தா. "மட்கார்டு வெட்டோணுங்க"ன்னா.

"எதுக்கு வெட்டறது?"ன்னு மாப்ள ஏறி உக்காந்து ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் ஒடிச்சுக் காட்டுனாரு. ஒரசல. ரெண்டு வெரலு நொழையற அளவுக்கு எடம் இருந்துச்சு. "பாரு! எங்க முட்டுது? புதுப் பெயிண்டுல மிசினு வெக்கறதுக்கா நான் அடிச்சேன்?"

"எடை ஏத்துங்க. கட்ட மேல ஏத்திப் பாத்துட்டுப் போங்க."

"நேரமில்ல. சாவியக் குடு."

"எடை ஏத்தாம வண்டி போவாதுங்க."

மேல இருந்து என்ற மகன் போன் மேல போனு போடறான். ஆசாரி ஊசிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாரு, எங்க இருக்கறீங்கன்னு. எனக்குக் கெரகமாப் போச்சு. இந்த டயர்க்காரிக்குப் பெயிண்டு புடிக்கல, மாப்ள மொகரை புடிக்கல, அதான் ராவடி பண்றான்னு நெனச்சுக்கிட்டேன். "ஏம்புள்ள, ஒரு நாளைக்கு உன்ற சட்டத்த மடிச்சு வெச்சாத்தான் என்ன? உடு, போவட்டும்"னேன்.

"நீங்களா சொல்றீங்க?"ன்னு என்ன ஒரு பார்வ பாத்தா.

மாப்ளகிட்ட இன்னொரு சாவி இருந்துச்சு. மக கொழந்தையோட முன்னால ஏறிட்டா. மாப்ள வண்டிய எடுத்தாரு. இவ டியூப்பு அறுக்கற கத்திய எடுத்தா, குனிஞ்சா, ஓட்டறவரு பக்கத்துச் சக்கரத்துல காத்து அடிக்கற அந்த மூக்க ஒரே இழுப்புல அறுத்துப்புட்டா. புஸ்ஸ்ஸுன்னு புழுதி கெளம்புச்சு. வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுச்சு.

ஜாக்கி ராடோட எறங்குனாரு மாப்ள. மண்டைக்குத்தான் குறி வெச்சாரு, இவ கையக் குறுக்க நீட்டுனா. மணிக்கட்டு போச்சு. சோத்தாங்கை. நொங்கு வெட்டற மாதிரி ஒரு சத்தம். கத்துனாளா? இல்ல. அப்படியே முன்னால வந்து நெத்தியால மாப்ள மூக்குல ஒரு முட்டு. ரத்தம் பட்டுச் சட்டையில ஊத்துது. மாப்ளயோட அண்ணனும் தம்பியும் எறங்கி ஆளுக்கொரு பக்கம் ஒதைக்கறாங்க. இவ ஒருத்தன் காதக் கடிச்சுக்கிட்டு உடமாட்டேங்கறா. கெடா கவுத்த அறுத்துக்கிட்டு என்ற கடைக்குள்ள பூந்து முட்டையெல்லாம் மிதிக்குது. நான் என்ன பண்ணுனேன்? கல்லுல காஞ்சுக்கிட்டு இருந்த கரண்டிய எடுத்துட்டுப் போனேன். போயி, அவ கழுத்துல வெச்சு அழுத்துனேன் சாமி. "நல்ல காரியத்தக் கெடுத்துப்புட்டியேடி சண்டாளி!"ன்னு சொல்லிச் சொல்லி அழுத்துனேன்.

கடிச்ச காத உட்டுட்டா. என்னத் திரும்பிப் பாத்தா. அடிக்கல.

அது எனக்கு இன்னும் எரிச்சலாப் போச்சு. "ஏறுங்கடா எல்லாரும்!"னு கத்துனேன். "இவ கேட்ட எடைய ஏத்திக் காட்டி, இவ மூஞ்சியில கரியப் பூசிட்டுப் போலாம். மாப்ள, அந்தப் பக்கத்துச் சக்கரம் நல்லாத்தான இருக்குது? அதக் கட்டையில ஏத்துங்க!"

பதினாலு பேரு ஏறுனோம். கெடாயயும் தூக்கிப் போட்டோம். மக முன்னால, காத்து இருக்கற சக்கரத்துக்கு நேரு மேல, கொழந்தைய மடியில வெச்சுக்கிட்டு. நான் அவ பக்கத்துல நெருக்கி உக்காந்தேன். மாப்ள மூக்கத் தொடச்சுக்கிட்டு, ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சு, மெல்ல ஏத்துனாரு. சக்கரம் பனங்கட்ட மேல ஏறுச்சு. வண்டி அமுங்குச்சு.

கர்ர்ரக்.

எங்க காலுக்கடியில இருந்து வந்துச்சு சத்தம். ரப்பரு தீயற நாத்தம். மாப்ள திருப்பறாரு, ஸ்டீரிங்கு வரமாட்டேங்குது. ரெண்டு கையிலயும் புடிச்சு, சீட்ட உட்டு எந்திரிச்சு நின்னு இழுக்கறாரு. கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குது. அசையல. மட்கார்டு வெளிம்பு டயரோட பல்லக் கவ்விக்கிட்டு நிக்குது. எல்லாருக்குந் தெரியும், மேல கொண்டை ஊசி வளைவுல ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல.

என்ற மக மாப்ள கையவே பாத்துட்டு இருந்தா. அப்பறம் கொழந்தைய எங்கிட்டக் குடுத்தா. குடுத்துட்டு வெச்சா பாருங்க ஒண்ணு, பளார்னு. மாப்ள தல கண்ணாடியில மோதுச்சு.

"இப்பத் திருப்புங்க! திருப்பிக் காட்டுங்க! எம்புள்ளய வெச்சுக்கிட்டுத் திருப்புங்க!" ஒவ்வொரு 'திருப்புங்க'வுக்கும் ஒரு அறை. மரியாதைக்கு ஒரு கொறையும் வெக்கல.

மாப்ள தடுக்கல. ஸ்டீரிங்கு மேல நெத்திய வெச்சு அழுதுட்டாரு.

எறங்குனோம். இவ பனங்கட்டைக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்தா. மணிக்கட்டு கத்திரிக்கா நெறத்துல வீங்கிப் போச்சு. "பாத்தீங்களா"ன்னு ஒரு வார்த்த சொன்னாளா? இல்ல. "மிசினு புடிக்க எனக்குக் கையில்லீங்க. நீங்களே வெட்டுங்க"ன்னா மாப்ளகிட்ட. பீச்சாங்கையில சாக்பீசப் புடிச்சு அந்தச் செவப்புப் பெயிண்டு மேல கோடு போட்டா. மாப்ள மிசின வெச்சு வெட்டுறாரு. பெயிண்டு பொரிஞ்சு, நெருப்புப் பொறி எங்க பட்டுச்சீல மேலயெல்லாம் தெறிக்குது. கோடு வெலகுனா அவரு கெண்டைக்கால்ல ஒரு ஒதை. வேற டியூப்பு மாட்டச் சொல்லிக் குடுத்தா. மறுபடியும் பதினாலு பேரயும் ஏத்துனா, ரெண்டு பக்கச் சக்கரத்தயும் கட்டையில ஏத்தி ஒடிக்க வெச்சா. ஒரசல. அப்பறந்தான், "போங்க"ன்னா.

வண்டியில ஏறப் போனவ நான் திரும்பி வந்தேன். அவ கழுத்துல கரண்டி பட்ட எடம் கொப்புளமா நிக்குது. "என்னத் திருப்பி அடிச்சுரு புள்ள"ன்னேன். "அடிச்சாத்தான் நான் போவேன்."

"நேரமாச்சுங்கம்மா. நாளைக்கு வாரேன்"னா.

பன்னெண்டு மணி எங்கயோ போச்சு. பூசாரி வேற நேரம் பாத்துச் சொல்லி, பொழுதெறங்கக் காது குத்துனோம். எழுவது வளைவுலயும் என்ற காது அந்தச் சக்கரத்துலயே இருந்துச்சு. ஒரு சத்தமில்ல. கறி ஆக்குனாங்க, எனக்கு ஒரு வாயி எறங்கல.

மறுநாளு காத்தால முத பஸ்ஸுக்கே எறங்கி வந்து கடையத் தொறந்து உக்காந்திருக்கறேன். வந்தா. கைய ஒரு துண்டுல கட்டிக் கழுத்துல தொங்க உட்டிருந்தா. நான் எந்திரிச்சு நின்னேன். கண்ண மூடிக்கிட்டேன். வெத்தலயக்கூடத் துப்பிட்டேன் சாமி, தொண்டையில சிக்கிக்குமேன்னு.

பீச்சாங்கைதான். ஆனாலும் என்ன கையிங்கறீங்க! பொளேர்னுச்சு. நானு, மூணு ஆளு கனம்னு அவளே சொன்ன ஆளு, மரத்துல போயி முட்டி நின்னேன். காது கொய்ங்னு ஊதுது. கண்ணத் தொறக்கறேன், அவ ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கறா.

"எலும்புக் கட்டுக்காரரு முட்ட கொண்டாரச் சொன்னாருங்கம்மா. வெள்ளக்கரு ஊத்தித்தான் கட்டோணுமாம். நாட்டுக்கோழி முட்டையாத்தான் வேணுமாம்"னா. "உங்ககிட்ட இருக்கறது பூராம் பண்ண முட்ட."

"இரு புள்ள! ஊட்டுல எட்டு இருக்குது, அடைக்கு வெக்கறதுக்குன்னு எடுத்து வெச்சது. இரு, இங்கயே இரு, எங்கயும் போயிறாத!"

அடுப்ப அணைக்கல, கல்லாப்பெட்டியப் பூட்டல. கன்னத்த ஒரு கையில புடிச்சுக்கிட்டு, சீலயத் தூக்கிச் சொருகிக்கிட்டு, நடு ரோட்டுல ஓடுனேன் பாருங்க. லாரிக்காரனெல்லாம் ஆரன் அடிக்கறான். அப்படிச் சந்தோசமா நான் ஓடி எத்தன வருசம் ஆச்சோ!